வீட்டு வரியை எதிர்த்தவர்

கார்த்திகை மழை சற்றே விட்டிருந்த ஒரு நாள் காலை. பேரவை உறுப்பினர் மாசிலாமணி குவாரிச் சாலைத் திருப்பத்திலேயே காரை நிறுத்திவிட்டு, சேற்றில் நடந்து தையல்நாயகி அம்மையின் மடத்துக்கு வந்தார்.

அம்மை அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் மாசிலாமணிக்கு அவர்தான் குரு. மனைவி இறந்த வருடம் யாரோ சொல்லி முதல் தடவை வந்தவர், பிறகு மனம் குழம்பும்போதெல்லாம் வந்துகொண்டிருந்தார்.

இந்தத் தடவை குழப்பம் பேரவையில் ஆரம்பித்தது. ஆடி மாதம் ஒரே நாளில் அங்கே மூன்று மசோதாக்கள் நிறைவேறின. ஒன்று, வீட்டு வரியை இரண்டு மடங்காக்கி, கட்டாதவர் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகவும் அதிகாரம் தந்தது. இன்னொன்று, கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பவர்களின் பெயரை வெளியில் சொல்ல வேண்டியதில்லை என்றது. கடைசியாக வந்தது உறுப்பினர்களின் சம்பள உயர்வு. வீட்டு வரிக்கு நாள் முழுக்க வாதம் நடந்தது. மற்ற இரண்டும் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டன.

வீட்டு வரியை எதிர்த்து ஒரு மணி நேரம் பேசியவர் மாசிலாமணி. ரேடியோவில் அது ஊர் ஊராகப் போயிற்று. எதிர்க்கட்சிக்காரர்கள்கூட மேஜையைத் தட்டினார்கள். சாயங்காலம் வாக்கெடுப்பு வந்தது. முன்வரிசையில் இருந்த கட்சித் தலைவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். வரிக்கு ஆதரவாக எழுந்த கைகளோடு மாசிலாமணியின் கையும் எழுந்தது.

அவர் வந்தபோது அம்மை மடத்து வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். மாசிலாமணி வணங்கிவிட்டு ஓர் உறையை நீட்டினார்.

“உயர்த்திக் கொடுத்த சம்பளம் அம்மா. மடத்துக் கூரைக்கு இருக்கட்டும். என் பெயர் வெளியே தெரிய வேண்டாம்.”

“எனக்குத் தெரியலாமா?”

“உங்களுக்குத் தெரிந்தால் போதும்.”

“கொடுத்தது யாரென்று வாங்கியவளுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. பேரவையில் இதைத்தானே சட்டமாக்கினீர்கள்?”

மாசிலாமணி உறையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இந்தச் சம்பளம் வேண்டாமென்று அங்கேயே சொல்லியிருக்கலாமே” என்றார் அம்மை.

“எல்லோரும் வாங்கும்போது நான் ஒருவன் மறுத்தால், நடிக்கிறான் என்பார்கள்.”

“அப்படியா?” என்றுவிட்டு அம்மை மறுபடி பெருக்கத் தொடங்கினார்.

மாசிலாமணி ஓரமாக நின்றார். பெருக்கிய இடத்தில் அவருடைய செருப்புச் சேறு அப்பியிருந்தது. அம்மை அதையும் சேர்த்துப் பெருக்கினார்.

“அம்மா, எனக்குத் தூக்கம் வருவதில்லை. அன்றைக்கு நான் பேசியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எல்லாம் நெஞ்சிலிருந்து வந்தது. கை தூக்கும்போது அந்த நெஞ்சு எங்கே போனதென்று தெரியவில்லை. பேசியதும் நான், கை தூக்கியதும் நான். இரண்டில் எதை வைத்து என்னை நான் எடை போடுவது?”

அம்மை துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். உள்ளே போய்த் திருவோட்டை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

“மடத்தில் அடுப்பு இல்லை, உங்களுக்குத் தெரியும். சாப்பாட்டு வேளையாகிறது. இன்றைக்கு நீங்கள் வாங்குங்கள்.”

“நானா?”

“சாப்பிடுகிறவர் யாரோ அவர்தான் கேட்க வேண்டும். நானும் கூட வருகிறேன்.”

அது அவருடைய தொகுதி இல்லை. தெருவில் யாருக்கும் அவரைத் தெரியாது. இருந்தாலும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

குவாரியில் வேலை செய்கிறவர்களின் தெரு. பல வீடுகளில் கதவு இல்லை. நிலை மட்டும் நின்றது. ஒன்றில் தகரத்தைச் சாத்தியிருந்தார்கள். இன்னொன்றில் பழைய சேலை. தெருக்கோடி வீட்டில் கோணிச்சாக்கு தொங்கியது, முக்கால்வாசி நனைந்துபோய்.

“இந்த வீட்டில் கேளுங்கள்” என்றார் அம்மை.

“இவர்களிடமா?”

“தினமும் இவர்கள் போடுவதைத்தான் சாப்பிடுகிறேன்.”

மாசிலாமணி திருவோட்டை ஏந்திக்கொண்டு சாக்கின் முன்னால் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார்.

“தாயே, பிச்சை.”

மேடையில் பழகிய குரல். மெதுவாகக் கூப்பிட்டும் கணீரென்று உள்ளே போயிற்று.

சாக்கை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது. அம்மையைக் கும்பிட்டாள். பிறகு மாசிலாமணியையே பார்த்தாள்.

“இன்னொரு தடவை கூப்பிடுங்க ஐயா.”

“தாயே... பிச்சை.”

“ரேடியோவுல வீட்டு வரி வேணாம்னு பேசினது நீங்கதானே?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். பின்னால் அம்மை நின்றுகொண்டிருந்தார்.

“ஆமாம்மா.”

அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க அவரால் முடியவில்லை.

“என் பேரு பூரணங்க. எங்க வீட்டுக்காரரு டீக்கடையில நின்னு உங்க பேச்ச முழுசாக் கேட்டாரு. கல்லு உடைச்சு உடைச்சு நெஞ்சு பூராத் தூசி அவருக்கு. நாலு அடி நடந்தா இருமுவாரு. அன்னிக்கு அந்த மனுசன் ஓடியாந்தாரு ஐயா. ‘பூரணம், நமக்காகப் பேச ஒரு ஆளு இருக்காரு, அந்த வரி வராது’ன்னாரு. ராத்திரி திரும்பப் போட்டப்ப என்னையும் கூட்டிட்டுப் போயிக் கேக்க வச்சாரு. எதுக்கும் ஆடு வித்த பணத்த வரிக்கு எடுத்து வச்சுருவோம்னு நான் சொன்னேன். கேக்கல. அந்தப் பணத்துல பிள்ளைக்குப் பள்ளிக்கூடத் துணி எடுத்துட்டாரு.”

“பிறகு?” என்றார் மாசிலாமணி. கேட்டிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது.

“ஐப்பசியில வந்தாங்க. கதவக் கழட்டி வண்டியில ஏத்திட்டுப் போனாங்க. அப்பப் பிடிச்ச மழை விடவே இல்ல. சாரல் பாய் வரைக்கும் வந்துச்சு. அவரு நெஞ்சு தாங்கல. போய்ச் சேந்துட்டாரு.”

தெருவில் ஒரு மாட்டுவண்டி போயிற்று.

“நாளைக்கே இந்த வீட்டுக்கு ஒரு கதவு போடச் சொல்கிறேன்” என்றார் மாசிலாமணி.

“இனிமே எதுக்குங்க?” என்றாள் பூரணம். “சாகுற வரைக்கும் உங்களத்தான் சொல்லிட்டிருந்தாரு. ‘அந்த ஐயா விட்டுக் கொடுத்திருக்க மாட்டாரு, மத்தவங்கல்லாம் சேந்து அவர அமுக்கிட்டாங்க’ன்னு.”

அப்படியே வணங்கிவிட்டுப் போய்விடலாம். அவள் இன்னும் மரியாதையோடுதான் நின்றாள். மாசிலாமணி அம்மையைத் திரும்பிப் பார்த்தார். அம்மை எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரும் அமுக்கவில்லைம்மா” என்றார் மாசிலாமணி. “நானும் கை தூக்கினேன்.”

“எதுக்குங்க?”

“அந்த வரி வேண்டுமென்று.”

அவளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்தபிறகு அவள் திட்டவில்லை, அழவுமில்லை. சாக்கை விட்டுவிட்டு உள்ளே போனாள்.

அவள் வரமாட்டாள் என்றே மாசிலாமணி நினைத்தார். திரும்பிப் போகலாமென்றால் அம்மை அசையவில்லை. சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

பூரணம் வந்தாள். கையில் சோறு. அவர் முகத்தைப் பார்க்காமல் திருவோட்டில் போட்டாள்.

“மடத்துக்குப் போடுறேன்” என்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் மாசிலாமணி திருவோட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். துண்டு தலையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. அம்மைதான் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

மடத்தில் அம்மை இரண்டு இலை போட்டார். இருந்த சோற்றைப் பங்கிட்டு வைத்துவிட்டுத் தன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். மாசிலாமணியும் உட்கார்ந்தார். வெகுநேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தச் சோற்றை நான் எப்படியம்மா சாப்பிடுவது?”

“கையால்தான்” என்றார் அம்மை.