இரண்டு ஓடைகளும் ஒரு பிடி பாசியும்

மலையடிவாரத்தில் இரண்டு ஓடைகள் சேருமிடத்தில் துள்ளி என்ற நீர்நாய் வாழ்ந்தது. அதற்குப் பேறுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. போன முறை அங்கே ஈன்ற குட்டிகளில் ஒன்றுகூடத் தங்கவில்லை. இந்த முறை ஏதாவது ஓர் ஓடைக்குள் ஏறி வளை தோண்டலாம் என்று நினைத்தது. ஆனால் எந்த ஓடை?

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றது நெட்டையன் நாரை. "மேற்கு ஓடையைப் பாரு, அடியில கிடக்கிற கூழாங்கல்லு தெரியுது. கிழக்குல எருமை புரண்டு ஒரே சேறு. நானே மேற்குலதான் கூடு கட்டியிருக்கேன்!"

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் அது. ஆனாலும் துள்ளிக்கு ஆசையாகத்தான் இருந்தது.

பாறையில் ஒட்டியிருந்த நத்தை மெல்லத் தலையை நீட்டியது. "ஓடுற தண்ணி இன்னிக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி. பாசி அப்படியில்ல. வர்ற தண்ணியை உடம்பு முழுக்கக் குடிக்கும். விஷம் வந்தா பிடிச்சு வச்சுக்கும்."

துள்ளி மலைச்சுனைக்கு ஓடியது. அங்கிருந்து நல்ல பாறைப்பாசியைக் கொண்டுவந்து, ஓடைக்கு ஒரு பிடியாகக் கல்லிடுக்கில் செருகியது. மறுநாளே இரண்டையும் எடுத்துவந்து நீட்டியது. நத்தை கடித்துப் பார்த்தது. இரண்டும் ஒரே ருசி.

"அப்போ மேற்குதான்!" என்று துள்ளி தோண்டக் கிளம்பியது.

"அவசரக்காரி! ஒரு நாள்ல பாசி என்னத்தைக் குடிச்சிருக்கும்? திரும்ப வை. நிலா ஒரு சுத்து சுத்தி வரட்டும்."

வயிறு நாளுக்கு நாள் கனத்தது. துள்ளிக்குத் தூக்கமே இல்லை. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது.

நிலா ஒரு சுற்று வந்தது. இரண்டு பாசியும் பச்சைப் பசேலென்றுதான் இருந்தன. கிழக்குப் பாசியை நத்தை சேற்றோடு சேர்த்து மென்று தின்றது. மேற்குப் பாசியில் வாய் வைத்ததுமே கொம்புகளை உள்ளே இழுத்துக்கொண்டது. "ஈயம்! வாயெல்லாம் ஈயம்!"

நாரைக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் தினமும் அதுலதான் நிக்கிறேன். எனக்கு என்ன கெட்டுப்போச்சு?"

துள்ளி தணிந்த குரலில் கேட்டது: "அண்ணே, உங்க முட்டை ஏன் இந்த வருஷமும் பொரிக்கல?"

நெட்டையன் மேற்குக் கரையிலிருந்த தன் கூட்டைத் திரும்பிப் பார்த்தது. பிறகு சுனைக்குப் பறந்து போய், அலகு நிறையப் பாசியோடு வந்தது. "மேற்கு ஓடை நெடுக வைப்போம். எங்கிருந்து வருதுன்னு பார்த்துடலாம்."

துள்ளி கிழக்குச் சேற்றங்கரையில் வளை தோண்டிக் குட்டிகளை ஈன்றது. நாரை தன் நீண்ட காலால் மேற்கு ஓடையில் இடம் பார்த்துப் பாசி வைத்தது. காலம் கனிந்ததும் ஒவ்வொன்றாக நத்தையிடம் கொண்டுவந்தது. ஒரு வளைவுக்கு மேலே வைத்த பாசி இனித்தது, கீழே வைத்தது கசந்தது. அந்த வளைவில், யாரோ கொட்டிய பழைய பேட்டரிகள் கரைக்குழியில் ஊறிக் கிடந்தன. நாரை கூப்பிட்டதும் வந்த காட்டுப்பன்றிகள் மண்ணை முட்டி முட்டித் தள்ளி அந்தக் குழியையும் ஓடையையும் களிமண் கரையால் பிரித்தன.

அடுத்த மழைக்குப் பின் மேற்கில் வைத்த பாசியை நத்தை கொஞ்சம் முகம் சுளித்தாலும் விழுங்கிவிட்டது. துள்ளியின் குட்டிகள் சேற்றில் முங்கி முங்கி நீந்தப் பழகின. கிழக்குக் கரைக்குக் கூட்டை மாற்றிய நாரையோ அன்று மீன் பிடிக்கவே போகவில்லை. அங்கே இட்ட முதல் முட்டை உள்ளிருந்து விரிசல் விட்டிருந்தது.

கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதை நம்பிக் குடியேறாதே. பொறுத்திருந்து சோதித்ததை நம்பிக் குடியேறு.