முரசுக்காரன் தட்டிய மருதமரம்

பிள்ளைகளே, கிட்டே வாருங்கள். பிள்ளைகளைப் பெற்றவர்களே, நீங்களும் காதைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள். ஆற்றைக் கடக்கப் பரிசல் மட்டுமே இருந்த காலத்தில், பூங்கரை என்ற ஊரை இளமாறன் என்ற அரசன் ஆண்டுவந்தான்.

அந்த ஊருக்குச் செல்லப்பிள்ளை ஒரு மருதமரம். ஆடிப்பெருக்கு வந்தால் அதற்கு மஞ்சள் பூசுவார்கள், சந்தனம் அப்புவார்கள், பட்டுத்துணி சுற்றுவார்கள். பிறகு பெரிய கிளையில் ஊஞ்சல் கட்டிப் பெண்பிள்ளைகளை ஆடவிடுவார்கள். அந்த ஆண்டு அரசனின் ஒரே மகளும் ஆடுவதாக இருந்தது.

முரசு செய்யும் கூத்தையனுக்கும் அந்த மரம் என்றால் உயிர். பெருக்குக்கு முதல் நாள் அதன் நிழலில் சாய்ந்து உட்கார்ந்தான். முரசுக்காரன் விரல் சும்மா இருக்குமா? தட்டியது. மரம் ‘தொம்’ என்றது. முரசுக்குக் கட்டை தேடிக் காடெல்லாம் அலையும்போது எந்த ஓசைக்கு ஏங்குவானோ, அதே ஓசை. இன்றோ அதைக் கேட்டதும் பதறி எழுந்தான்.

அரண்மனைக்கு ஓடினான். “மகாராசா, மருதம் உள்ளே வெறுங்கூடா இருக்கு. நாளைக்கு ஊஞ்சல் கட்டாதீங்க!”

தோட்டக்காரன் போய் இலையைப் பார்த்தான், பச்சைப் பசேல் என்றிருந்தது. மந்திரி போய்க் கயிற்றால் அளந்தார், நான்கு ஆள் கட்டிப்பிடிக்கும் பருமன். யானை போய் முட்டியது, மரம் அசையவே இல்லை.

“இவனுக்கு முரசு செய்யக் கட்டை வேணும், மகாராசா. அதுக்குத்தான் இந்த நாடகம்!” என்றார் மந்திரி. சபையே சிரித்தது. கூத்தையனுக்கு அழுகை முட்டியது. வேறு தொழில் செய்திருந்தால் நம்பியிருப்பார்களே என்று நினைத்தான், பாவம்.

பெண்ணைப் பெற்ற அரசன் மட்டும் சிரிக்கவில்லை. “சரி கூத்தையா, இப்பவே வெட்டச் சொல்றேன். கட்டை முழுக்க உனக்கே. சம்மதமா?”

“ஐயையோ, வெட்டாதீங்க! நோவு வந்துட்டா வீட்டு மனுசரை வெட்டியா போடுவோம்? பெரிய கிளையை இறக்கிப் பாரத்தைக் குறைங்க. ஊஞ்சலை வேற மரத்துல கட்டுங்க. அது பாட்டுக்கு நிக்கட்டும். எனக்கு ஒரு சிராய்கூட வேண்டாம்.”

கட்டைக்கு ஆசைப்பட்டவன் இப்படிப் பேசமாட்டான் என்று அரசனுக்குப் புரிந்தது. மகளோடு மரத்தடிக்குப் போய், போன ஆண்டு சுற்றிய பட்டுத்துணியை அவிழ்க்கச் சொன்னான், சந்தனத்தைச் சுரண்டச் சொன்னான். உள்ளே ஒரு பொந்து! என்றோ பட்ட காயத்தை, ஊரார் ஆண்டுதோறும் ஆசை ஆசையாக அப்பியே மூடியிருந்தார்கள். அரசன் கையை விட்டான். தோள்வரை போனது. வெளியே எடுத்தபோது கை நிறைய மக்கிய தூள். பக்கத்தில் நின்ற மகளை வாரி அணைத்துக்கொண்டான்.

கிளையை இறக்கினார்கள். ஊஞ்சல் புளியமரத்துக்குப் போனது. மருதம் பிழைத்தது, பொந்தில் கிளிகள் குடியேறின. அன்று முதல் பூங்கரையில் எந்த மரத்துக்கும் கூத்தையன் தட்டிப் பார்த்த பிறகுதான் மஞ்சள். கூடவே குனிந்து காது வைத்துக் கேட்கும் வேலை மந்திரிக்கு! “நல்லாக் கேட்டுச்சா சாமி?” என்று கூத்தையன் ஒவ்வொரு தடவையும் அவரைச் சீண்டாமல் விடமாட்டான்.

ஆகவே, நாம் நேசிப்பவரை அலங்கரித்துப் பார்ப்பது மட்டும் அன்பாகாது, உள்ளே நலம்தானா என்று தட்டிக் கேட்பதே அன்பு.