பவுனு முனங்கினாள்

குழலம்மைக்கு நாற்பத்தொன்பது வயது. அவரிடம் பாடம் கேட்ட ஆவுடையப்பனுக்கு அறுபத்தாறு. குருவைவிட மூத்த சீடன் என்று கேலி பேசாத டீக்கடை களக்காட்டில் கிடையாது. ஆவுடையப்பன் அதைக் கண்டுகொண்டதில்லை. பதினோரு வருடமாக மலையடிவாரத்திலிருக்கும் அம்மையின் மடத்துக்கு வருவார், பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பார், பேசாமல் எழுந்து போய்விடுவார்.

ஒருநாள் காலை ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் பழைய ஜமுக்காளத்தில் சுற்றிய நாய். பெயர் பவுனு, பதினாலு வயதுக் கிழவி. ஆடி மாசத்தில் அவளுக்குப் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன.

அம்மை முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“இவளை நீங்க வச்சுக்கிடணும்மா. நான் போறேன்.”

அந்தப் பக்கத்தில் யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. கொல்லைக்குப் போகிறவர்கூட ‘வாரேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அம்மை கீரையைக் கீழே வைத்தார்.

“எங்க போறீங்க அண்ணாச்சி?”

ஆவுடையப்பன் நாயை ஜமுக்காளத்தோடு தரையில் இறக்கி வைத்தார்.

“செத்துப்போகலாம்னு நினைக்கீங்களா?”

இப்படி நேருக்கு நேர் யாராவது கேட்பார்கள் என்று ஆவுடையப்பன் எதிர்பார்க்கவில்லை. கேட்டது ஒரு வகையில் ஆறுதலாகக்கூட இருந்தது.

“ஆமாம்மா,” என்றார். “வீட்டுக்காரி போயி ரெண்டு வருசமாச்சு. விடிஞ்சா எதுக்கு விடியுதுன்னு இருக்கு. பவுனு இருக்கவரைக்கும் தாங்கிக்கிடலாம்னு பாத்தேன். முடியல.”

அம்மை உபதேசம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதியிலிருந்து அவரே ஒப்பித்திருப்பார்.

“தங்கம்மா, இன்னும் ரெண்டு பேருக்குச் சேத்து உலை வையி,” என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தார். “அண்ணாச்சியும் பவுனும் இனிமே இங்கதான் இருப்பாங்க.”

பிறகு அவரிடம் திரும்பினார். “சாப்பிட்டுட்டு டாக்டர்கிட்ட போவோம். நானும் கூட வாரேன்.”

“பவுனுக்கு நேத்தே ஊசி போட்டாச்சும்மா.”

“பவுனுக்கு இல்ல. உங்களுக்கு.”

ஆவுடையப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. “இதைப் போயி இன்னொருத்தர்கிட்ட எப்படிம்மா சொல்ல? வெக்கக்கேடு. இந்த வயசுல, ஒரு ஆம்பிளை...”

அதற்குள் ஜமுக்காளத்திலிருந்து மெல்லிசாக ஒரு முனங்கல் வந்தது. பேச்சை அப்படியே போட்டுவிட்டு அவர் குனிந்தார். தோள்துண்டை நாயின் வயிற்றுக்கடியில் விட்டு, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினார். பவுனு முன்னங்காலால் நாலு எட்டு நடந்தாள். செம்பருத்திச் செடியடியில் ஒன்றுக்கு இருந்தாள். அவர் ஈரத்தைத் துடைத்தார், மறுபக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தார், காதைத் தடவிக்கொடுத்தார். வந்ததிலிருந்து இறுகிக் கிடந்த முகம் அப்போதுதான் கொஞ்சம் கனிந்தது.

அம்மை பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

“ஒரு நாளைக்கு இப்படி எத்தனை தடவை அண்ணாச்சி?”

“பத்து, பன்னெண்டு இருக்கும்.”

“அவளுக்கு வேணும்னு எப்படித் தெரியும்?”

“முனங்குவா.”

“சலிப்பா இருக்காதா?”

“எதுக்குச் சலிக்கணும்? அவளுக்கு முடியல, முனங்குதா. முனங்காம கிடந்தாத்தான் எனக்குப் பதறும்.” அவர் ஜமுக்காளத்தின் ஓரத்தை இழுத்துவிட்டார். “போன வாரம் நான் கொஞ்சம் அசந்துட்டேம்மா. சத்தங்காட்டாம ஈரத்துலயே கிடந்திருக்கா. முழிச்சுப் பாத்ததும் எனக்கு அழுகை வந்துட்டு. ‘ஏட்டி, நான் பக்கத்துலதான கிடந்தேன், ஒரு சத்தம் குடுத்தா என்ன’ன்னு அவளைப் பிடிச்சு ஏசிட்டேன்.”

அம்மையின் கண் கலங்கியிருந்தது.

“ரெண்டு வருசமா நீங்க ஈரத்துலயே கிடந்திருக்கீங்களே, அண்ணாச்சி,” என்றார். “நானும் பக்கத்துலதான இருந்தேன்.”