கம்பத்திலிருந்து இரண்டு தட்டல்

டக், டக்.

குறடால் ரிசீவரை இரண்டு முறை தட்டுகிற ஓசை அது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால், நெல்லைப் பக்கத்துத் தொலைபேசி நிலையம் ஒன்றில் பழுது பார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்த சவரிமுத்துவின் காதில் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது விழும். ஊருக்கு வெளியே எங்கோ ஒரு கம்பத்தின் உச்சியில் லைன்மேன் இருளப்பன் கால்களைப் பின்னிக்கொண்டு இருப்பான். கம்பியைச் சேர்த்து முடித்தால் பேசமாட்டான். வாய் நிறைய வெற்றிலை. தட்டுவான், அவ்வளவுதான். காதில் விழுந்துவிட்டது என்பதற்கு இவர் "கேக்கு" என்பார். அதன்பிறகுதான் இறங்குவான்.

அந்த ஓசையை அவர் மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

இப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. மாடி வீட்டின் முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் லினக்ஸைப் போட்டு, சர்வராக்கி வைத்திருந்தார். பள்ளிப் பாடங்களும் தேர்வுப் புத்தகங்களும் அவர் குரலில் அதற்குள் இருந்தன. பார்வை இல்லாத முப்பத்தொரு பேர், அவரவர் ஊரில் இருந்தபடியே, இணையம் வழியாக அந்தப் பெட்டியைத் திறந்து பாடம் கேட்பார்கள்.

இதையெல்லாம் அவருக்குக் கற்றுத் தந்தவள் ஹபீபா. அவரைவிட முப்பது வயது இளையவள். பாலிடெக்னிக்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்து மாடியில் பெரியவர்களுக்கு வகுப்பு எடுத்தாள். மற்றவர்கள் மூன்றாம் வாரமே நின்றுவிட்டார்கள். சவரிமுத்து இரண்டு ஆண்டு போனார். தன்னை அவளுடைய சீடன் என்று சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சம் கிடையாது. குரு என்ற சொல்லைக் கேட்டால் அவள்தான் நெளிவாள்.

ஒருமுறை அவர், லினக்ஸ் முழுவதையும் கற்றுக்கொள்ள எத்தனை நாள் பிடிக்கும் என்று கேட்டார். அவள் அவருடைய நோட்டைத் திருப்பி, போன வாரம் எழுதியதைப் படிக்கச் சொன்னாள். அவர் கையெழுத்து அவருக்கே பிடிபடவில்லை.

"முதல்ல இது" என்றாள்.

அப்படிப்பட்ட குரு.

சித்திரை மாதத்து இடிமழை ஒன்றில் வீட்டு ரூட்டர் கருகிப்போனது. புதிதாக ஒன்றை வந்து மாட்டிவிட்டுப் போனார்கள். வெளியிலிருந்து வருகிறவர்களுக்குப் பெட்டியின் வழியைக் காட்டும் அமைப்புகளை, தம் நோட்டைப் பார்த்துப் பார்த்து, சவரிமுத்துவே அதில் எழுதினார். அன்றைக்கே ஒரு அப்டேட்டும் வந்தது. அதைப் போட்டு முடித்துப் பெட்டியை எழுப்பினால், டெஸ்க்டாப் வரவில்லை. கறுப்புத் திரை. அதன் மூலையில் ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டு மின்னியது.

பயந்துபோய்க் கைபேசியை எடுத்து, வெளியூர்க்காரர்கள் திறக்கும் அதே முகவரியைத் திறந்து பார்த்தார். அதுவும் திறக்கவில்லை.

முப்பத்தொரு பேருக்கும் ஒரு குரல் செய்தி அனுப்பினார். சர்வர் பழுது, சரியானதும் நானே சொல்கிறேன், அதுவரை யாரும் திறந்து பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அவர் சொல்லுக்கு அவர்களிடம் மதிப்பு உண்டு. ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

ஒன்பது நாள் போயிற்று. தினமும் காலை ஏழு மணிக்கு வீட்டுத் தொலைபேசி அடிக்கும். அந்த வீட்டுக்குள் கைபேசிக்குச் சிக்னல் எட்டாது, வைஃபை மட்டும்தான். அதனால் வெளியூர்க்காரர்கள் இந்த எண்ணில்தான் கூப்பிடுவார்கள்.

"அண்ணாச்சி, ஆச்சா?"

களக்காட்டுப் பக்கத்திலிருந்து இசக்கியம்மாள். ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறவள். குழந்தை உளவியலில் நாற்பத்தாறு பாடங்களை அவளுக்காகவே அவர் வாசித்து வைத்திருந்தார். பத்தொன்பது முடித்திருந்தாள். தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தம் கைபேசியில் பதிவு செய்து வைத்திருந்த பாடங்களை அவள் கைபேசிக்கே அனுப்பிப் பார்த்தார். ஒன்று போய்ச் சேர்ந்ததுமே அவளுடைய பழைய கைபேசி இடமில்லை என்று கைவிரித்துவிட்டது.

"இன்னும் இல்லம்மா."

"சரி அண்ணாச்சி."

அவள் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பத்தாம் நாள் காலையில் ஹபீபா வந்தாள். கதவைத் திறந்தது சவரிமுத்துவின் மனைவி மரியபுஷ்பம்.

"வாங்க டீச்சர். என் சக்களத்தி கண்ணை மூடிட்டுக் கெடக்கா. இவர் பக்கத்தை விட்டு எந்திரிக்கல. எனக்கு டைபாய்டு வந்தப்பகூட இப்படி உக்காரல."

சவரிமுத்து இதைக் கேளாதவர்போல, ஒன்பது நாளில் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னார். எந்தெந்த மென்பொருளைக் கழற்றி மாட்டினார், எந்த ஊர்க்காரன் இணையத்தில் என்ன யோசனை சொல்லியிருந்தான், அதைச் செய்ததில் இருந்ததும் எப்படிக் கெட்டது என்று. ஹபீபா கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்து தன் மடிக்கணினியைத் திறந்தாள். அவருடைய கறுப்புத் திரையின் பக்கம் திரும்பவேயில்லை.

ஏதோ தட்டினாள். மடிக்கணினியிலிருந்து அவர் குரல் வந்தது. 'பாடம் இருபது. விளையாட்டின் வழியாகக் கற்றல்.'

"பெட்டிக்கு உயிர் இருக்கா டீச்சர்?"

"நல்லாவே இருக்கு. வீட்டுக்குள்ளேருந்து கேட்டா உடனே குடுக்கு."

"அப்ப திரை?"

"பாடம் கேக்கவங்கள்ல யாரு அண்ணாச்சி திரையைப் பாக்கா?"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு மரியபுஷ்பம் சிரிக்கிற சத்தம்.

ஹபீபா எழுந்து, திரையின் வயரைப் பெட்டியிலிருந்து உருவி, அழகாகச் சுற்றி சவரிமுத்துவின் மடியில் வைத்தாள். பெட்டி அதுபாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. அந்த மேசையில் இனி என் தையல் மிஷினை வைக்கலாமா என்று மரியபுஷ்பம் உள்ளேயிருந்தே விசாரித்தாள்.

"அது போகட்டும்" என்றார் அவர். "வெளியூர்க்காரங்க வாற வெளிவாசல் திறக்கலியே. அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்ல?"

வந்துபோகிறவர்களைப் பற்றிப் பெட்டி வரிவரியாக எழுதி வைத்திருக்கும். ஹபீபா அதைக் கொஞ்சநேரம் படித்தாள். பிறகு மூடிவிட்டாள்.

"எங்கேருந்து தெறந்து பாத்தீங்க?"

"இந்த நாற்காலியிலேருந்து."

"வேற?"

"அடுக்களையில. பால்கனியில. ராத்திரி, பகல், எல்லா நேரமும்."

"வேற?"

அவருக்குச் சுள்ளென்று வந்தது. வேறு எங்கே போவது? ஐந்து மாதத்துக்கு முன் அந்த மாடிப்படியில்தான் சறுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டார். அறுவை முடிந்து, தையல் ஆறி, இனி நன்றாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் படியிறங்கவில்லை. காலுக்கு ஒன்றுமில்லை என்று மரியபுஷ்பத்துக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அது பேச்சில் வராதபடி இருவருமே பார்த்துக்கொண்டார்கள்.

ஹபீபா அதைத் தொடவில்லை. வேறு எதையோ கேட்கிறவள்போலக் கேட்டாள்.

"வேலையில இருந்தப்ப, ஒரு லைன் சரியாயிட்டுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

இப்படி அவரிடம் யாரும் கேட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. முகம் மலர்ந்துவிட்டது. இருளப்பனைப் பற்றிச் சொன்னார். வெற்றிலையை, பின்னிய கால்களை, இரண்டு தட்டலை. ஒருநாள் இவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார். திரும்பிவர அரைமணி நேரம். அவ்வளவு நேரமும் அவன் மழையில் கம்பத்திலேயே இருந்திருக்கிறான். ஏண்டா இறங்கவில்லை என்று கேட்டால், நீங்க கேக்குன்னு சொல்லலியே என்றானாம்.

"அவரு எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்? நீங்க நிலையத்துல இருந்தே பாத்தா போதாதா?"

"அதெப்படி டீச்சர் போதும்? நிலையத்துக்குள்ள எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கும். ஒருத்தன் அந்தக் கோடியில ஏறித் தட்டினாத்தானே..."

பாதியில் நின்றுவிட்டார்.

"அப்ப கம்பத்துக்குப் போங்க அண்ணாச்சி" என்றாள் ஹபீபா.

மரியபுஷ்பம் காப்பியோடு வந்தவள் அப்படியே நின்றாள். ஹபீபா ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டாள். மரியபுஷ்பம் மற்றதைக் கீழே வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னாலிருந்து கைத்தடியைக் கொண்டுவந்து கணவர் கையில் கொடுத்தாள். கூட வரட்டுமா என்று கேட்கவில்லை.

பதினேழு படி. ஏழாவது படிதான் சறுக்கிய படி. அங்கே சற்று நின்றார். மழைத்தண்ணீர் என்றைக்கோ காய்ந்து, வெறும் சிமெண்டுப் படியாக இருந்தது. நிற்கும்போது அவருக்கு விளங்கியது. பழைய ரூட்டர், வீட்டுக்குள் இருக்கிறவன் வெளி முகவரியைக் கேட்டாலும், வெளியே போய்ச் சுற்றி வந்தவனாகப் பாவித்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. புதியதற்கு அந்தத் தாட்சண்யம் இல்லை. உள்ளே இருந்துகொண்டே வெளிவாசலைக் கேட்கிறவனுக்கு அது பதிலே சொல்லாது. வெளியிலிருந்து வந்தால் என்ன சொல்லும் என்று ஒன்பது நாளாக ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று சொன்னவரும் அவர்தான்.

இறங்கினார்.

தெருவில் வெயில் இதமாக இருந்தது. வேப்பம்பூ கொட்டிக் கிடந்தது. இஸ்திரி போடுகிறவர் தலையை நிமிர்த்தி, என்ன அண்ணாச்சி, ஆளையே காணோம், வெளிநாடு போயிருந்தீகளோ என்றார். மாடிக்குத்தான் போயிருந்தேன் என்றார் சவரிமுத்து. கைபேசிச் சிக்னலுக்கு அந்தத் தெருக்காரர்கள் எல்லோரும் மூலைக் கம்பத்தடிக்குத்தான் போவார்கள். பழைய தொலைபேசிக் கம்பம். கம்பி போய் நாளாயிற்று. இரும்பு மட்டும் நிற்கிறது, ஒரு டெய்லர் கடை அட்டையைச் சுமந்துகொண்டு.

அதில் தோளைச் சாய்த்துக்கொண்டார். வைஃபையை அணைத்து, முகவரியைத் திறந்தார். சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஒரு கரித்துண்டு தெறித்துத் தணிந்தது.

'பாடம் இருபது. விளையாட்டின் வழியாகக் கற்றல்.'

வெயிலில் நின்று தம் குரலைக் கேட்டார். இத்தனை நாள் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானா என்று இருந்தது. அவர் நினைத்ததைவிடப் பொறுமையான குரல். முதல் பத்தி முடியும்வரை நிறுத்தவில்லை.

பிறகு வீட்டு எண்ணுக்கு அழைத்தார். மணி இரண்டு தடவை அடித்தது. ரிசீவரை எடுத்தது ஹபீபா. அவர் கைபேசியைத் திருப்பி, விரல் நகத்தால் அதை இரண்டு முறை தட்டினார்.

"கேக்கு அண்ணாச்சி" என்றாள் ஹபீபா.

இசக்கியம்மாள் இப்போது ஏர்வாடிக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறாள்.