தெருக்குழாய்த் தண்ணீர்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று நாகரத்தினத்துக்குப் பயம். மடத்து வாசல்வரை வந்தவள் திரும்பிப் போனாள். மறுபடி வந்தாள்.

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வயதில் அவளுக்கு இளையவர்.

“எங்கே ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை சாமி. நான் எட்டாவதோட நின்னவ.”

“வயித்துவலிக்காரங்க எங்கே ஆரம்பிப்பாங்க? அங்கேயே ஆரம்பிங்க.”

“பேரூராட்சி சுகாதாரக் குழுவுக்கு என்னைத் தலைவி ஆக்கிட்டாங்க. நாளைக்கு நிதி ஒதுக்குற கூட்டம். பணமோ கொஞ்சம். ஒருத்தர் நடைப்பயிற்சிக்குப் பாதை போடணும்கிறார். ஒருத்தர் சர்க்கரை நோய்க்கு ஊர்வலம்னு இப்பவே தட்டி கட்ட ஆரம்பிச்சுட்டார். இன்னொருத்தர் புகையிலை கூடாதுன்னு ஊர் எல்லையில வளைவு வைக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். எல்லாம் நல்லதுதானே? எதைன்னு தள்றது? தூக்கமே இல்லை.”

சாமி எழுந்து போய், தெருக்குழாயில் ஒரு சொம்பு பிடித்து வந்து அவள் முன் வைத்தார்.

“பேசிப் பேசித் தொண்டை வறண்டிருக்கும். குடிங்க.”

அவள் கை சொம்புக்குப் போகவில்லை. பைக்குள் போனது. பாட்டிலை எடுத்தாள்.

“கோவிச்சுக்காதீங்க சாமி. வீட்டுல காய்ச்சினதைத்தான் குடிக்கிறது. கீழத்தெருவுல நேத்துலேர்ந்து வாந்திபேதி. ஒரு பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்காங்க.”

“அப்படியா” என்ற சாமி, சொம்பை எடுத்துத் தன் வாயருகே கொண்டுபோனார்.

“ஐயோ, வேண்டாம் சாமி!”

எட்டி அவர் கையைப் பிடித்துவிட்டாள். சாமியைத் தொடக்கூடாது என்பதுகூட மறந்துபோனது.

அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

“கீழத்தெருவுல யார் கையைப் பிடிச்சாங்க?”

அவள் மறுகையால் சொம்பின் வாயை மூடினாள்.

“தண்ணித்தொட்டியில மருந்து போடுற ஆள் எங்கே?”

“பிச்சமுத்துவா? ஊர்வலத்துக்குத் தட்டி கட்டப் போயிருக்கான். போன வாரத்துலேர்ந்து அங்கேதான். நான்தான்…”

“நீங்கதான்?”

“நான்தான் அனுப்பினேன். பிளீச்சிங் பவுடர் ஒரு மூட்டைதான் இருக்கு, வாங்கணும்னு சொன்னான். ஊர்வலம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்னு…”

சொல்லி முடிக்கவில்லை. கையை விட்டாள். சொம்பு சாய்ந்து, தண்ணீர் கீரை மேலெல்லாம் ஓடியது. அவள் எழுந்து, செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, வாசலைத் தாண்டிவிட்டாள்.

“அம்மா, பாட்டிலை விட்டுட்டுப் போறீங்களே!”

தெருவிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“அங்கேயே கெடக்கட்டும் சாமி. அது பையில இருந்தா நான் தொட்டிப் பக்கம் போகமாட்டேன்.”