முந்திக்கொண்ட கை

இன்பராஜ் மூன்றாவது தடவையாக, எம்.டெக். சேர்வதற்கான கேட் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். பாடம் ஏரோஸ்பேஸ், விமானம் பறக்கிற கணக்கு. இந்தத் தடவையும் ரேங்க் வரவில்லை என்றால், மஸ்கட்டில் அக்கா வீட்டுக்காரர் பார்த்து வைத்திருக்கும் வேலைக்குப் போய்விடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தான். குழாயில் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவனுக்குப் போக மனசில்லை.

பல்லாவரத்தில் ஒரு டயர் கடைக்கு மாடியில் பயிற்சி வகுப்பு. நடத்தியவர் சபீனா. இன்பராஜைவிட வயதில் சின்னவர். இருந்தாலும் எல்லாருக்கும் மேடம் என்பதுபோல அவனுக்கும் மேடம்தான்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. கேள்வித்தாள் கொடுப்பார், விடைகளைக் கொடுக்க மாட்டார்.

"போட்டுட்டு வாங்க. வந்து என்கூட சண்டை போடுங்க. நீங்க ஜெயிச்சா டீ என் கணக்கு" என்பார்.

பிள்ளைகள் கரும்பலகை முன்னால் மல்லுக்கட்டுவார்கள். இன்பராஜுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? அவன் அங்கே இங்கே விசாரித்து, பழைய வருஷக் கேட் கேள்வித்தாள் அத்தனையையும் விடையோடு சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டான். போட்டதையே போட்டான். தாள் மடிப்பில் கிழிந்தது. டேப் ஒட்டிக்கொண்டு திரும்பவும் போட்டான்.

ஒரு மத்தியானம் வகுப்பில் மாதிரித் தேர்வு நடந்தது. கேள்வியைப் படிக்கலாம் என்று இன்பராஜ் குனிந்தான். அதற்குள் அவனுடைய பென்சில் விடைத்தாளில் நாலு வட்டத்தில் ஒன்றைக் கறுப்பாக்கி முடித்திருந்தது.

சந்தேகப்பட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தான். விடை சரி. அடுத்த கேள்விக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும் அப்படியே.

கை பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டான். இரண்டு தடவை கோட்டை விட்டவன், சந்தோஷப்படாமல் என்ன செய்வான்?

அன்றிலிருந்து அவன் கேள்வியைப் படிப்பதில்லை. படிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. ஒவ்வொரு தேர்விலும் முழு மார்க். அவனோடு அறையில் தங்கியிருந்த பவித்ரன்கூட கிண்டல் பண்ணினான்.

"அண்ணே, எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க."

இன்பராஜ் சிரித்தான். அக்காவுக்குப் போன் போட்டு, இந்தத் தடவை சீட் நிச்சயம் என்று சொன்னான். அக்கா அழுதுவிட்டாள்.

ஒரு நாள் குளித்துக்கொண்டிருக்கும்போதுதான் அவனுக்கு அது உறைத்தது. பழைய கேள்வி என்றால் கைக்குப் பழகியிருக்கும், சரி. மேடம் கொடுப்பதெல்லாம் அவரே உட்கார்ந்து புதிதாகப் போடுகிற கணக்கு. இவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கைக்கு எப்படித் தெரியும்?

தூக்கிய மக் தூக்கியபடியே நின்றது. சோப்புத் தண்ணீர் கண்ணில் இறங்கி எரிந்த பிறகுதான் அவன் அசைந்தான்.

அதன் பிறகு கையைக் கவனிக்கத் தொடங்கினான். கவனிக்காமலே இருந்திருக்கலாம்.

மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவனோடு பேசிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், சோற்றில் வரிசையாக நாலு குழி. விரலால் குத்திய குழிகள். மூன்றாவது மட்டும் அழுத்தமாக, இலை தெரிகிற அளவுக்கு இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரிசை தொடங்கியிருந்தது. அவன் சாப்பிடாமல் எழுந்து கை கழுவினான்.

காலையில் கண் விழித்தால் கட்டிலை ஒட்டிய சுவரில் பென்சில் வட்டங்கள். மொச்சைக்கொட்டை அளவு. வரிசைக்கு நாலு, அதில் ஒன்று மட்டும் கறுப்பு. துடைத்துவிட்டு, மறுநாள் வலது கையைத் துண்டால் கட்டிலோடு கட்டிக்கொண்டு படுத்தான். விடிந்தபோது துண்டு அழகாக மடித்துத் தலைமாட்டில் வைக்கப்பட்டிருந்தது. வட்டங்கள் ஜன்னல்வரை போயிருந்தன.

பவித்ரன் பாயைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டான்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. அது எழுதுறப்ப நீங்க கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் இருக்கீங்க."

பரீட்சைக்கு முதல் நாள் இன்பராஜ் மேடத்தைத் தேடிப் போனான். மற்றவர்கள் எல்லாரும் அவரவர் பரீட்சை ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். வகுப்பில் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. கீழே டயர் கடையில் காற்றடிக்கிற மெஷின் ஓடி ஓடி நின்றது.

"என்ன இன்பராஜ், கிளம்பலையா?"

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"என் கணக்கை யார் போடுறாங்க?"

சபீனா சிரிக்கவில்லை. அவனுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு மேஜைமேல் கிடந்த வலது கையைப் பார்த்தார். அது சும்மா இல்லை. ஆள்காட்டி விரல் மேஜையில் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் பிரிண்டரிலிருந்து சில வெள்ளைத் தாள்களை எடுத்தார். ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அறுபத்தைந்துவரை எண் மட்டும் போட்டார். ஒரு கேள்விகூட எழுதவில்லை. வட்டங்களும் எண் எழுதக் கட்டங்களும் இருந்த ஒரு விடைத்தாளையும் சேர்த்து அவன் முன்னால் வைத்தார்.

"எழுதுங்க."

"இதுல கேள்வியே இல்லையே, மேடம்."

"நானும் பார்த்துக்கிட்டுத்தான் வர்றேன், நீங்கதான் படிக்கிறதில்லையே. இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

அவன் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் கை பென்சிலை எடுத்துக்கொண்டது.

இன்பராஜ் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். பார்க்கப் பயமாக இருந்தது. பென்சில் தாளில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. நிற்காமல், அவசரப்படாமல், பழகிய குமாஸ்தா எழுதுகிற மாதிரி கேட்டது. ஒரு இடத்தில் முனை ஒடிந்தது. அவன் திரும்பவில்லை. கையே டப்பாவைத் துழாவி இன்னொரு பென்சிலை எடுத்துக்கொண்டது. கடைசியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, மேஜை விளிம்பில் போய்ப் படுத்துக்கொண்டது.

சபீனா பீரோவைத் திறந்து ஒரு கவரை எடுத்தார். ஒட்டியிருந்ததைக் கிழித்தார்.

"அடுத்த வருஷப் பிள்ளைங்களுக்குப் போட்டு வச்ச கேள்வித்தாள், விடையோட. கையாலதான் எழுதியிருக்கேன். இன்னும் யாரும் பார்க்கலை."

இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போனார். பாதித் தாளில் அவருடைய விரல் நின்றது. நின்ற இடத்திலேயே வெகுநேரம் இருந்தது. பக்கத்தில் ஒரு காகிதத்தை இழுத்து ஏதோ கணக்குப் போட்டார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"தப்பா மேடம்?"

"இல்லை. அறுபத்தஞ்சும் என் விடையோட ஒத்துப்போகுது."

"அப்ப எல்லாம் சரிதானே."

"இந்த நாப்பத்தொண்ணை நான் தப்பாப் போட்டிருக்கேன், இன்பராஜ். காத்தோட அடர்த்தியால இன்னொரு தடவை பெருக்கிட்டேன். இப்பத்தான் எனக்கே தெரியுது."

"அதுக்கு அது என்ன எழுதியிருக்கு?"

"என் தப்பை எழுதியிருக்கு. தசமப் புள்ளிவரைக்கும் அப்படியே."

கீழே மெஷின் நின்றுவிட்டது. இருவரும் கையைப் பார்த்தார்கள். அதற்கும் தெரிந்திருக்கும் போல, விரல்களை மெல்ல மடக்கிக்கொண்டது.

"அப்ப இது கணக்கே போடலையா மேடம்?"

சபீனா பென்சிலை எடுத்து அந்த விரல்களுக்குள் வைத்தார்.

"உங்க பேர் என்ன? எழுதுங்க."

கை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. 'B' என்று எழுதியது.

"உங்க அம்மா பேர்?"

சூசையம்மாள் என்று இன்பராஜ் வாய்விட்டே சொன்னான். கை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. '1.40' என்று எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தது.

இன்பராஜ் அழுதான். ஆள் வளர்ந்தவன், இருந்தும் அவனால் அடக்க முடியவில்லை. கண்ணைத் துடைக்க வலது கையைத் தூக்கப் போனவன், கூசிப்போய் இடது கையால் துடைத்தான்.

சபீனா எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். அவன் அதையும் இடது கையாலேயே வாங்கிக் குடித்தான்.

"மேடம், நாளைக்கு இந்தக் கை போனா சீட் கிடைச்சிருமா?"

"கிடைச்சிரும். முதல் ரேங்க்கே வந்தாலும் வரும்."

"நான் போனா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா எப்படி மேடம்? இத்தனை மாசமா உங்ககிட்டதானே படிக்கிறேன்?"

"இத்தனை மாசமா நீங்க ஒரு கணக்கும் போடலை. அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்?"

அவனுக்குச் சுருக்கென்றது. தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்கா போனில் அழுதது ஞாபகம் வந்தது. அவனுக்காகப் போட்டு வைத்த மஸ்கட் டிக்கெட்டை ரத்து பண்ணிவிடலாமா என்று அவள் வீட்டுக்காரர் கேட்டதும் ஞாபகம் வந்தது.

"இது காப்பி இல்லையே மேடம். பிட்டு வச்சுக்கிட்டா போறேன்? என் கைதானே. என் உடம்போட ஒட்டினதுதானே."

சபீனா கிழித்த கவரை எடுத்து மடித்தார்.

"யாருக்கும் தெரியாது."

அவர் கவரை மேஜைமேல் வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

நாளைக்குப் பரீட்சை கம்ப்யூட்டரில். நாளைக்கு என்ற பேச்சு காதில் விழுந்ததோ என்னவோ, கை இப்போதே மவுஸைப் பிடிக்கிற வாக்கில் வளைந்து நின்றது. ஆள்காட்டி விரல் மட்டும் மேலும் கீழும் ஆடியது. டக், டக் என்று மேஜையில் நகம் பட்டது.

"நான் என்னதான் செய்யணும்? நீங்களே சொல்லிருங்க மேடம்."

சபீனா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவன் பக்கம் தள்ளினார். இந்தத் தடவை அதில் எண்கூட இல்லை.

"அதுகிட்ட எல்லாத்துக்கும் விடை இருக்கு. நீங்க ஒரே ஒரு கேள்வி எழுதுங்க."

"எந்தச் சேப்டர்ல?"

"சேப்டர் இல்லை. உங்களுக்குன்னு ஒரு கேள்வி இருந்திருக்கும். இல்லாட்டி மூணு வருஷம் இப்படி அல்லாட மாட்டீங்க."

வலது கையில் பென்சில் இருந்தது. அது அசையவில்லை. இன்பராஜ் அதைத் தாளின்மேல் தூக்கி வைத்துப் பார்த்தான். செத்த எலி மாதிரி அப்படியே கிடந்தது.

அவன் யோசித்தான். யோசிக்க யோசிக்க மண்டைக்குள் வட்டங்கள்தான் வந்தன. வரிசைக்கு நாலு, ஒன்று கறுப்பு. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தான். அதற்குப் பின்னாலும் வட்டங்கள். தனக்கென்று ஒன்றுமே இல்லையோ என்று நினைத்தான். கை தனியாகப் போய்விட்டது என்று இத்தனை நாள் பயந்தான். போனது கை இல்லையோ, தான்தானோ என்று இப்போது பயந்தான்.

சபீனா அவசரப்படுத்தவில்லை. வெயில் பெஞ்சிலிருந்து தரைக்கு இறங்கியது.

எங்கிருந்தோ அம்பத்தூர் வந்தது. முன்னே அவன் வேலை பார்த்த கம்பெனியின் மொட்டை மாடி. சாப்பாட்டு நேரம். பின்னால் இருந்த குப்பைமேட்டுக்கு மேலே, நல்ல எதிர்க்காற்றில் ஒரு பருந்து. போகவும் இல்லை, வரவும் இல்லை. சிறகை ஒரு தடவைகூட அடிக்காமல் ஆணி அடித்த மாதிரி வானத்தில் நின்றது. அவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தான். சைரன் ஊதியதுகூடக் காதில் விழவில்லை. திரும்பினால் டிபன் பாக்ஸைக் காக்காய்கள் காலி பண்ணியிருந்தன. அந்த வாரமே அவன் வேலையை விட்டான். ஏன் விட்டாய் என்று கேட்ட எல்லோரிடமும் மேல்படிப்புக்கு என்று சொல்லியிருக்கிறான். பருந்தைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை.

இன்பராஜ் வலது கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கினான். அது லேசில் விடவில்லை. விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

இடது கையால் எழுதினான். எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்து மாதிரி மேலும் கீழுமாகப் போயிற்று. பாதியில் தாள் கிழிந்தது. வியர்வை சொட்டியது. ஆனால் எழுதி முடித்தான்.

'சிறகை அடிக்காத பருந்து எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?'

படித்துப் பார்த்தான். அவனுக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்பது எத்தனையோ நாளைக்குப் பிறகு பசி எடுத்த மாதிரி நன்றாக இருந்தது.

"நாளைக்கு நானே போறேன் மேடம். மஸ்கட் வந்தா வந்துட்டுப் போகட்டும்."

சொல்லும்போதே பக்கத்தில் ஏதோ ஊர்கிற சத்தம் கேட்டது. வலது கை முழித்துக்கொண்டிருந்தது. முதலில் ஒரு விரல் நிமிர்ந்தது. அப்புறம் இன்னொன்று. அவனுடைய தோளைக் கேட்காமல், மேஜைமேல் தவழ்ந்து, தாளை நோக்கி வந்துகொண்டிருந்தது.

இன்பராஜ் சபீனாவைப் பார்த்தான்.

"அதைப் பிடிச்சுக்குங்க, இன்பராஜ்" என்றார் அவர். "பதில் எழுதிடப் போகுது."