எலிகள் எழுதிய தேர்வு

வேங்கைக்காட்டில் விலங்குகளுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே கூர்மையான முட்களால் கூர்மர் என்று பெயர் பெற்ற முள்ளம்பன்றி பேராசிரியராக இருந்தார். ஒருநாள் அவர் புதிய பாடம் ஒன்றை உருவாக்கினார். மாணவர்கள் ஒரு கருவி செய்து, கஷ்டப்படுகிறவர்களுக்கு உதவ வேண்டும். அப்படியே தலைமைப் பண்பையும் கற்க வேண்டும்.

'உதவி பெறுகிறவர்கள் எந்த மாணவரை அதிகம் தேடுகிறார்களோ, அவருக்கே முழு மதிப்பெண்.' இந்த விதியை எழுதி முடித்ததும் கூர்மருக்குத் தன் மூளையை நினைத்துப் பெருமை தாங்கவில்லை.

வல்லி என்ற அணில் ஆற்றங்கரை எலிகளைத் தேர்ந்தெடுத்தாள். எலிகள் பகலில் தூங்குகிறவை. வெள்ளம் வந்தால் வளையோடு போய்விடும். அதனால் எப்போதும் ஓர் எலி கண்விழித்துக் காவல் இருக்கும்.

வல்லி ஆற்றில் ஒரு சுரைக்குடுக்கையை மிதக்கவிட்டாள். தண்ணீர் ஏறினால் குடுக்கையும் ஏறும். அதில் கட்டிய கொடி, ஒரு கல்லைத் தாங்கும் முளையைப் பிடுங்கும். உடனே அந்தக் கல் உள்ளீடற்ற மரக்கட்டையின் மேல் விழுந்து பெரிதாகச் சத்தம் போடும். மறுபடி கல்லைத் தூக்கி முளையை மாட்டிவிட வேண்டும். அவ்வளவுதான்.

எலிகளுக்கு ஒரே சந்தோஷம். காவலையே விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கின.

பாடம் முடியும் நாளில் கூர்மர் பார்வையிட வந்தார். அப்போது சாம்பி என்ற தாய் எலி வல்லியிடம் கேட்டாள்:

"அந்த முளையை மாட்ட எங்களுக்கும் கத்துக் குடும்மா."

வல்லி பேராசிரியரை ஓரக்கண்ணால் பார்த்தாள். "நீங்க எதுக்குச் சிரமப்படணும்? நான்தான் இருக்கேனே."

"இந்தப் பொண்ணு இல்லாட்டி எங்களுக்கு ஒண்ணும் ஓடாதுங்க" என்றாள் சாம்பி கூர்மரிடம்.

கூர்மர் மனம் குளிர்ந்து முழு மதிப்பெண் போட்டார். விடுமுறை வந்தது. வல்லி தன் மரத்துக்குப் போய்விட்டாள்.

ஒருநாள் லேசான மழை பெய்தது. கட்டை சத்தம் போட்டது. எலிகள் மேட்டுக்கு ஓடின. தண்ணீர் வடிந்ததும் திரும்பி வந்தன. முளையை மாட்டிப் பார்த்தன. கொடிதான் சிக்கிக்கொண்டது. "வல்லி வந்து பார்த்துக்குவா" என்று விட்டுவிட்டன.

பிறகு மலையில் பெருமழை கொட்டியது. நடுப்பகலில் ஆறு கரையேறியது. கட்டை சத்தம் போடவில்லை. எலிகள் தண்ணீருக்குள்தான் கண்விழித்தன. முட்டி மோதி வெளியே வந்தன. சாம்பியின் கடைக்குட்டி மட்டும் வரவில்லை.

செய்தி கேட்டுக் கூர்மரும் வல்லியும் ஓடி வந்தார்கள். வல்லி தேம்பித் தேம்பி அழுதாள்.

"கத்துக் குடுத்துட்டா அப்புறம் என்னை யாரு தேடுவாங்க? மதிப்பெண் போயிடுமேன்னு பயந்துட்டேன் ஐயா."

கூர்மருக்குக் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. விதியை எழுதியவர் அவர்தானே.

"தப்பு என்னோடதும்மா. இந்தப் பாடத்தையே எடுத்துடறேன்" என்றார் சாம்பியிடம்.

"எடுத்துட்டா என் புள்ள வந்துடுமா?" என்றாள் சாம்பி. "அடுத்த மழைக்கும் ஆறு வரும். எங்களுக்குக் கருவியும் வேணும், அதை ஓட்டவும் தெரியணும்."

கூர்மர் போய்ப் பழைய விதியை அழித்துவிட்டுப் புதிய விதி எழுதினார். இனி தேர்வு மாணவருக்கு இல்லை, எலிகளுக்கு. அவை கருவியை ஓட்டும்போது மாணவர் அக்கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வல்லி மறுபடி முதலிலிருந்து அந்தப் பாடத்தைப் படித்தாள். தேர்வு நாளில் சாம்பி முளையை மாட்டினாள். அது நழுவி விழுந்தது. அக்கரையில் வல்லி துள்ளி எழுந்தாள்.

"உட்காரு" என்றார் கூர்மர்.

சாம்பி கொடியை உதறிச் சிக்கெடுத்து மறுபடி மாட்டினாள். முளை நின்றது. இன்னோர் எலி குடுக்கையைத் தூக்கியது. கட்டை அதிரச் சத்தம் கேட்டது. குஞ்சுகுளுவானோடு எல்லா எலிகளும் மேட்டில் ஏறி நின்றன.

அன்றைக்கு வல்லியை ஒருவரும் தேடவில்லை. அதற்காகவே கூர்மர் அவளுக்கு முழு மதிப்பெண் போட்டார்.

தான் இல்லாவிட்டாலும் மற்றவர்கள் பிழைத்துக்கொள்ளும்படி செய்துவிட்டு வருவதே உண்மையான தலைமை.